கடைமடையிலிருந்து கதை அனுப்புகிறவர்களுக்கு

கும்பகோணத்தில் பதினான்கு வருஷம் டிடிபி கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே வாரத்துக்கு ஒருவராவது நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "தம்பி, ஒரு கதை இருக்கு, டைப் பண்ணிப் பத்திரிகைக்கு அனுப்பணும்" என்று நிற்பார். கடையை மூடிய பிறகு இரண்டு சிற்றிதழ்களுக்கு மெய்ப்பு (புரூஃப்) பார்க்கிற வேலை வந்தது. வருகிற மெயில்களைத் திறந்து முதல் சல்லடை போடுவதும் இப்போது நான்தான். ஆக, அனுப்புகிறவர் பக்கமும் நின்றிருக்கிறேன், வாங்குகிறவர் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். எப்படி எழுதுவது என்று சொல்ல எனக்கு வாயில்லை. எழுதி முடித்ததை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது ஓரளவு தெரியும், அதைச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் ஃபைலைத் திறக்கிறவர் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, சாப்பிட்டு முடித்து, ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறக்கிற ஆள். சிற்றிதழ் என்றால் சம்பளம்கூடக் கிடையாது. அவர் உங்கள் கதைக்காகச் செலவு பண்ண வைத்திருக்கிற அரை மணி நேரத்தில் இருபது நிமிஷத்தை எழுத்துருவை மாற்றவும், உங்கள் பெயரைத் தேடவும் நீங்கள் பிடுங்கிக்கொண்டால் கதைக்குப் பத்து நிமிஷம்தான் மிச்சம். கீழே சொல்கிற எல்லாமே அந்த இருபது நிமிஷத்தை மிச்சம் பிடிக்கிற வேலைதான்.

முதலில் எழுத்துரு

திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வருவார். நல்ல கதை எழுதுவார், குறிப்பாக ஆறு வற்றிக் கிடக்கிற மாசங்களைப் பற்றி. நான் கடை திறப்பதற்கு முன்னால் வேறு இடத்தில் டைப் அடித்து ஏழு இதழ்களுக்கு அனுப்பியிருக்கிறார், ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. "நம்ம எழுத்து எடுபடலபோல, தம்பி" என்றார். "ஃபைலைக் காட்டுங்க சார்" என்று வாங்கித் திறந்து பார்த்தால் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தது. என் கம்ப்யூட்டரில் பாமினி இருந்ததால் தமிழ் தெரிந்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் என்ன தெரியும் என்று அவருக்குக் காட்டினேன். ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக, புள்ளி வரவேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி, பக்கம் பக்கமாக. மனுஷர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஏழு இதழ்க்காரர்களும் பார்த்தது அதைத்தான்.

பழைய எழுத்துருக்கள் கம்ப்யூட்டருக்குள் ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிலேயே தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லையென்றால் அடியில் இருக்கிற ஆங்கிலம் வெளியே வந்துவிடும். யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு, எந்தக் கம்ப்யூட்டரிலும் போனிலும் தமிழாகவே தெரியும். அதனால் யூனிகோடில் அடியுங்கள். கடையில் கொடுத்து அடிக்கிறீர்கள் என்றால் காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை பண்ணுங்கள்: ஒரு வரியை நகல் எடுத்து வாட்ஸப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு. வரவில்லையென்றால் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், அதற்கு இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன, இரண்டு நிமிஷ வேலை. போனில் பேசியே டைப் பண்ணுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் போனுக்கு ஒற்று எங்கே மிகும் எங்கே மிகாது என்பதெல்லாம் தெரியாது, முற்றுப்புள்ளியும் தானாக வராது. உட்கார்ந்து திருத்தித்தான் ஆகவேண்டும்.

மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படியுங்கள். மாட்டுகிற இடங்கள் எனக்கு மனப்பாடம். 'கௌரவம்' என்று இருக்க வேண்டியது 'கெளரவம்' என்று இருக்கும், அதாவது ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' என்ற முழு எழுத்து. கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், தேடும்போதும் அச்சுக்குப் போகும்போதும் பல்லைக் காட்டும். துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும். 'எ' என்ற எழுத்துக்குப் பதில் ஏழு என்கிற தமிழ் எண் '௭' வந்து நிற்கும். அவசரத்தில் 'கெள' என்பதையெல்லாம் மொத்தமாக 'கௌ' என்று மாற்றிவிடாதீர்கள். ஒரு தம்பி அப்படிச் செய்து கதையில் இருந்த கெளுத்தி மீனையெல்லாம் கொன்றுவிட்டான். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

பழைய ஓலை ஏட்டில் புள்ளி இருக்காது, ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்ற வித்தியாசம் தெரியாது, துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்து, அப்படிப்பட்ட ஏடுகளோடு ஏழு வருஷம் மல்லாடித்தான் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அவர் செய்தது சிந்தாமணிக்கு. நம்முடைய ஆறு பக்கக் கதைக்கு அந்த உழைப்பைப் போடுங்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது.

ஃபைல்

இதில் அதிகம் இல்லை. வேர்டு ஃபைல் ஒன்று, அதையே பிடிஎஃப் ஆக்கி இன்னொன்று, இரண்டையும் இணையுங்கள். வேர்டு ஃபைல் அவர்கள் திருத்த, பிடிஎஃப் எழுத்து ஏதும் மாறியிருக்கிறதா என்று ஒத்துப்பார்க்க. 12 அளவில் எழுத்து, வரிகளுக்கு நடுவில் ஒன்றரை இடைவெளி, நாலு பக்கமும் ஒரு அங்குலம் விடுங்கள். முதல் பக்கத்தில் தலைப்பு, பெயர், போன் நம்பர். கலர் வேண்டாம், பார்டர் வேண்டாம், பூ வேண்டாம். மேலே பிள்ளையார் சுழி போட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், நோட்டில் போடுங்கள், தாராளமாக. ஃபைலுக்கு 'கதை புதுசு கடைசி 2' என்று பெயர் வைக்காதீர்கள். ஆசிரியருடைய கம்ப்யூட்டரில் 'கதை' என்ற பெயரில் ஏற்கெனவே நாற்பது ஃபைல் கிடக்கும். கதையின் தலைப்பு, ஒரு கோடு, உங்கள் பெயர், அவ்வளவு போதும். நோட்டுப் பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்து, பதினெட்டு படங்களாக வாட்ஸப்பில் தள்ளிவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அதைத் திறக்கக்கூட மாட்டோம், வருத்தப்படாதீர்கள்.

எங்கே அனுப்புவது என்று முடிவு பண்ணுவதற்கு முன் அந்த இதழின் கடைசி இரண்டு மூன்று பிரதிகளையாவது படியுங்கள். வாங்க முடியாவிட்டால் கிளை நூலகத்தில் போய் உட்காருங்கள். வார இதழில் கதை இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும், இலக்கிய மாத இதழ் பத்துப் பக்கம்கூடக் கொடுக்கும். கவிதையே போடாத இதழுக்கு முப்பது கவிதை அனுப்புகிறவர் அந்த இதழை ஒருமுறைகூடப் புரட்டவில்லை என்பது திறந்தவுடனே தெரிந்துபோகும்.

கூட வைக்கிற கடிதம்

நம் பக்கத்து ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் இது. மரியாதை தெரிந்த ஊர், அதனால் கடிதத்தில் மரியாதை கரைபுரண்டு ஓடும். "தங்கள் பொற்பாதங்களில்" என்று ஆரம்பித்த கடிதம்கூடப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வகை ஊர்ப் பெருமை. எழுத்தாளர் தி.ஜானகிராமன் மன்னார்குடி பக்கம் தேவங்குடியில் பிறந்தவர், கு.ப.ரா., ந.பிச்சமூர்த்தி, எம்.வி.வெங்கட்ராம் எல்லோரும் கும்பகோணத்துக்காரர்கள், எல்லாம் வாஸ்தவம். "தி.ஜா. பிறந்த மண்ணிலிருந்து எழுதுகிறேன்" என்று மாதத்துக்கு நாலு கடிதம் வருகிறது. மண் எல்லோருக்கும் பொதுதானே. அதைப் படித்துவிட்டுக் கதைக்குள் போகிற ஆள் உங்களை அவர் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார், அந்த ஒப்பீட்டில் யாருக்கு நஷ்டம்?

மூன்றாவது வகை கதைச் சுருக்கம். என்ன நடக்கிறது, அதன் உட்பொருள் என்ன, எந்த இடத்தில் வாசகர் அழுவார் என்பது வரை எழுதிவிடுவார்கள். கதை அதைச் செய்யட்டும், கடிதம் வேண்டாம்.

மெயிலின் தலைப்பு வரியில் 'சிறுகதை', கதையின் பெயர், உங்கள் பெயர். உள்ளே இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். 'நாற்றங்கால்' என்ற சிறுகதையை இணைத்திருக்கிறேன். சுமார் 1,800 சொற்கள். இது என் சொந்தப் படைப்பு. அச்சிதழிலோ இணையத்திலோ முகநூலிலோ இதுவரை வெளியாகவில்லை, வேறு இதழின் பரிசீலனையிலும் இல்லை. தங்கள் இதழுக்குப் பரிசீலிக்க வேண்டுகிறேன். நன்றி."

கீழே இயற்பெயர், புனைபெயர் இருந்தால் அது, பின்கோடுடன் முகவரி, போன் நம்பர். இணைப்பை இணைத்தோமா என்று அனுப்புகிற பொத்தானைத் தொடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். இருபது பேருக்கு ஒரே மெயிலில், எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அனுப்பாதீர்கள். முகநூலில் போட்டதைப் பல இதழ்கள் வெளியான படைப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். முப்பது லைக் ஆசைப்பட்டு ஒரு கதையைக் காலி பண்ணிக்கொள்ள வேண்டாம்.

மொழிபெயர்ப்பு என்றால் மூல ஆசிரியரிடமோ பதிப்பாளரிடமோ வாங்கிய அனுமதியையும் சேர்த்து அனுப்பவேண்டும். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த பிறகு 60 வருஷம் பதிப்புரிமை உண்டு, அந்தக் கணக்கு இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து ஓடும். கதையின் நடுவில் சினிமாப் பாட்டை நாலு வரி முழுசாக எடுத்துப் போடுவதும் இதே வம்புதான். பாட்டு ஒலிக்கிறது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்.

காத்திருப்பது

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, முறை வைத்துப் பிரிந்து, வேதாரண்யம் பக்கம் கடைமடைக்கு எப்போது வரும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இதழும் அப்படித்தான். மூன்று மாசம் விடுங்கள். பிறகு ஒரே ஒரு நினைவூட்டல், இரண்டு வரி. அதற்கும் பதில் இல்லையென்றால், "இதை வேறு இதழுக்கு அனுப்புகிறேன்" என்று எழுதிவிட்டு அனுப்புங்கள். தமிழில் பெரும்பாலான நிராகரிப்பு மௌனமாகத்தான் வரும், அது நல்ல வழக்கம் என்று நான் சொல்லமாட்டேன், என் பங்குக்கு இரண்டு வரியாவது எழுதிப் போடுகிறேன்.

'வேறு இதழுக்கு அனுப்புகிறேன்' என்ற அந்த வரியை எழுதாமல் விட்டு நானே மாட்டியிருக்கிறேன். இதழ் ஒன்று அஞ்சு மாசம் பதில் போடவில்லை, சரி, அவ்வளவுதான் என்று சொல்லாமல் கொள்ளாமல் அதே கதையை இன்னோர் இதழுக்கு அனுப்பினேன். இரண்டிலும் ஒரே மாதம் வந்துவிட்டது. முதல் இதழின் ஆசிரியர் போன் பண்ணினார். திட்டுவார் என்று நினைத்தேன், "அதுவும் வந்திருக்குபோல, பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார். நான் என்னவோ குழறினேன். "சரிங்க" என்று வைத்துவிட்டார். அப்புறம் அந்த இதழுக்கு நான் அனுப்பிய எதற்கும் பதில் வந்ததில்லை.

இதற்காகத்தான் ஒரு நாற்பது பக்க நோட்டு போடச் சொல்கிறேன். தேதி, தலைப்பு, எங்கே அனுப்பியது, எப்போது நினைவூட்டியது, என்ன பதில், சன்மானம் வந்ததா, அவ்வளவுதான் கட்டங்கள். கம்ப்யூட்டரில் வைப்பேன் என்றாலும் சரி. ராத்திரியில் ஆசிரியருக்குப் போன் போட்டு "படிச்சீங்களா" என்று கேட்பதற்குப் பதில் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், இன்னும் மூன்று மாசம் ஆகவில்லை என்று தெரியும்.

எடுத்துக்கொண்டார்கள் என்றால்

ஆசிரியர் திருத்தம் கேட்டால் முதல் நாள் கோபம் வரும், வரட்டும், பதில் மட்டும் மறுநாள் எழுதுங்கள். ஏற்பதை ஏற்று, ஏற்காததற்கு ஒரு வரியில் காரணம் சொல்லுங்கள். "சாகுபடி" என்று திருத்தியிருப்பார்கள், உங்கள் பாத்திரம் "வெள்ளாமை" என்றுதான் சொல்லும் என்றால் அதை எழுதுங்கள், புரிந்துகொள்வார்கள். சென்னையில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் குறுவைக்கும் தாளடிக்கும் மாசம் தெரியாமல் இருக்கலாம், அதை நையாண்டி பண்ணாமல் சொல்லுங்கள். மெய்ப்பு வந்தால் கேட்ட தேதிக்குள் திருப்புங்கள். மெய்ப்பு என்பது பிழை பார்க்கிற கட்டம், அந்த நேரத்தில் கதையின் முடிவை மாற்றி எழுதி அனுப்புகிறவரை அடுத்த தடவை கூப்பிட யோசிப்பார்கள்.

தன்குறிப்பு ஐம்பது சொல்லுக்குள். ஊர், செய்கிற வேலை, இதற்கு முன் ஏதாவது வந்திருந்தால் அது. பட்டங்கள் எல்லாம் வேண்டாம், 'கவிமாமணி' போன்றவை இன்னும் வேண்டாம். போட்டோ முகம் தெரிகிற மாதிரி ஒன்று. பெரிய கோயில் கோபுரம் முழுசாக வரவேண்டும் என்று தள்ளி நின்று எடுத்த படத்தில் உங்கள் முகம் மிளகு அளவுக்குத்தான் இருக்கும். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப்போகும், மெயிலில் அனுப்புங்கள்.

சன்மானம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எடுத்துக்கொண்டோம் என்று பதில் வந்ததும் "சன்மானம் உண்டா, எழுத்தாளர் பிரதி அனுப்புவீர்களா" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். பல சிற்றிதழ்கள் பணம் தர முடியாது என்று நேராகச் சொல்லிவிடும், அது தெரிந்து கொடுப்பது வேறு. வங்கி விவரம் கேட்ட பிறகு கொடுத்தால் போதும். கணக்கில் இருக்கிற பெயரை அப்படியே கொடுங்கள், புனைபெயருக்குப் பணம் ஏறாது.

புத்தகம்

பத்துப் பன்னிரண்டு கதை சேர்ந்ததும் புத்தக ஆசை வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் பொங்கலை ஒட்டி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி, விடிகாலையில் எழும்பூரில் இறங்கி, குளித்து முழுகி, பிரிண்ட் போட்ட கட்டோடு ஒரு பதிப்பகத்தின் வாசலில் போய் நின்றார். ஷட்டர் சாத்தியிருந்தது. மொத்தப் பேரும் புத்தகக் காட்சி அரங்கில். அங்கேயும் போனார், பில் போடுகிற கூட்டத்தில் அவரிடம் பேச யாருக்கு நேரம்? ஐப்பசியிலிருந்து தை வரை பதிப்பகங்களுக்கு அறுவடைக் காலம் மாதிரி, பிரதி படிக்க மாட்டார்கள். பொங்கல் முடிந்து, மாசி பங்குனியில் அனுப்புங்கள், நேரில் போவதானால் போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

தமிழில் புத்தகம் பெரும்பாலும் டெமி என்கிற அளவுதான், ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கிற கட்டு, 16 பக்கம். அதனால் பக்கங்கள் 16-இன் மடங்காக வருகிற மாதிரி பார்ப்பார்கள். 'இரண்டு கதை குறைக்கலாமா' என்று கேட்டால் சில சமயம் காரணம் தரமே இல்லை, பாரக் கணக்குதான்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். பதிப்பகம் தன் செலவில் போட்டால் ராயல்டி தரும், விலையில் பத்து சதவீதம் என்பது பொதுவான பேச்சு. உங்களிடம் காசு வாங்கிப் போட்டால் அது அச்சடித்துத் தருகிற சேவை, அதற்குப் பதிப்பகம் என்று பெயர் இருக்கலாம். அதுவும் தப்பில்லை, ஆனால் எத்தனை பிரதி அடிப்பார்கள், எத்தனை உங்கள் கைக்கு வரும், மீதியை யார் விற்பார்கள், கணக்கு எப்போது என்று எழுதி வாங்குங்கள். நகையை அடகு வைத்து 500 பிரதி அடித்து, நெல் மூட்டை அடுக்குகிற மாதிரி வீட்டுத் திண்ணையில் அடுக்கி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் ஒரு தெருவுக்கு ஒருவராவது உண்டு.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாயால் சொன்னது செல்லாது. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு நமக்குச் சாதகமாகச் சில விஷயங்கள் சொல்கிறது. உரிமையை எத்தனை வருஷத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான். எந்த நாட்டுக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஒரு வருஷம் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில், உரிமை திரும்பிவிடும். அந்த 'வேறு மாதிரி' எழுதியிருக்கிறதா என்றுதான் படித்துப் பார்க்கவேண்டும். மின்னூல், ஒலிநூல், சினிமா, மொழிபெயர்ப்பு எல்லாம் ஒரே வரியில் சேர்ந்து போகிறதா என்றும் பாருங்கள். கூச்சமாக இருந்தால் ஊரில் வக்கீல் நண்பர் யாரிடமாவது காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

புத்தகத்துக்கு அடையாளமாகப் போடுகிற ஐஎஸ்பிஎன் எண் வாங்கித் தருகிறேன், இத்தனை ஆயிரம் என்று கேட்பார்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது, நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அந்த எண்ணுக்கும் பதிப்புரிமைக்கும் சம்பந்தமில்லை. எழுதிய கணமே உரிமை உங்களுடையது, பதிவு செய்துதான் ஆகவேண்டும் என்று இல்லை.

அணிந்துரை ஒன்று போதும். ஐந்து அணிந்துரை, மூன்று வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் தாண்டி முதல் கதைக்கு 40-ஆம் பக்கத்தில் வந்து சேருகிற வாசகர் களைத்துப்போயிருப்பார். கேட்கிறவரிடம் குறைந்தது இரண்டு மாசம் அவகாசம் கொடுங்கள், முடியாது என்று சொல்ல அவருக்கு வழி விடுங்கள்.

வெளியீட்டு விழா வைப்பீர்கள், வைக்காதே என்றால் கேட்கப்போவதில்லை. அழைப்பிதழில் 5 மணி என்று போட்டால் ஐந்தேகாலுக்காவது ஆரம்பியுங்கள். பேசுகிறவர்கள் மூன்று பேர், ஒவ்வொருவருக்கும் புத்தகத்தை இருபது நாள் முன்னாலேயே கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அட்டைப்படத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார்கள். பொன்னாடையை ஒருவருக்குப் போடுங்கள், வரிசையாக எல்லோருக்கும் போட ஆரம்பித்தால் அதிலேயே ஏழு மணி ஆகிவிடும். உங்கள் ஏற்புரை ஐந்து நிமிஷம், தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் புத்தக மேஜைக்குத் தெரிந்த பையன் ஒருவனை உட்கார வைத்து, நூறும் ஐம்பதுமாகச் சில்லறையும், போனில் பணம் போடுகிற ஸ்கேன் அட்டையும் கொடுத்துவிடுங்கள். வலங்கைமானிலிருந்து வந்தவருக்குக் கடைசி டவுன் பஸ் இருக்கிறது, இருநூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு மீதிக்காக அவர் நின்றுகொண்டிருக்க மாட்டார்.